பத்து ஆதரவாளர்கள்

செப்டம்பர் 1, திங்கள்

எட்டாம் வகுப்பின் கோளரங்கச் சுற்றுலாவுக்குக் காசு திரட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கையைத் தூக்கவில்லை. தூக்காதவர்களில் நான்தான் புதியவள், தற்காலிகம் வேறு. அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

ஆசிரியர் கூட்டத்தில் யோசனைகள் கொட்டின. கேக் விற்பனையாம். அம்மாக்கள் செய்வார்கள், அப்பாக்கள் வாங்குவார்கள். ஒரு வீட்டுக் காசு அதே வீட்டின் அடுக்களையிலிருந்து கூடத்துக்குப் போய்ச் சேர நாம் நடுவில் ஒரு மேசை போட வேண்டும். கார் கழுவலாமாம். கார் இருக்கிற வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும், இல்லாத வீட்டுப் பிள்ளை கழுவும். இதைப் பள்ளிக்கூடத்தில் வேறு பழக்க வேண்டுமா? பழைய பேப்பர் சேர்க்கலாம் என்று யாரோ சொன்னதற்கு பி.டி. சார், "இப்ப யார் வீட்லங்க பேப்பர் இருக்கு? அவங்கவங்க போன்லயே படிச்சு அங்கயே தொலைச்சிட்டுப் போறாங்க" என்றார்.

கடைசியில் வாக்கத்தான் என்று முடிவானது. பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும். ஒவ்வொருவரும் முன்கூட்டியே பத்து ஆதரவாளர்களைப் பிடிக்க வேண்டும். சுற்றுக்கு இவ்வளவு என்று அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இலக்குத் தொகையை எட்டும் பிள்ளைக்குப் பேருந்தில் இடம். எட்டாத பிள்ளைக்கு அன்று வழக்கம்போல் வகுப்பு.

"ஆள் கிடைக்காத பிள்ளைங்க என்ன மேடம் பண்ணும்?" என்று கேட்டேன்.

"ஒரு பிள்ளைக்குப் பத்து பேர் கூடவா தெரியாம இருக்கும்?" என்றார் தலைமையாசிரியை. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

செப்டம்பர் 3, புதன்

பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது "ஐயோ" என்றேன். பள்ளி விட்டபின் நான் வாய் திறந்து சொன்ன முதல் சொல். மணி அப்போது எட்டு.

செப்டம்பர் 7, ஞாயிறு

பிள்ளைகள் பார்த்து நிரப்புவதற்காக மாதிரிப் படிவம் ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டிருந்தார். வரிசை எண், யார், என்ன வேலை, சுற்றுக்கு எவ்வளவு, கையெழுத்து. பத்து வரிகள்.

உண்மையாகவே நிரப்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரி அண்ணன். போன் செய்தால் அண்ணி எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "பிள்ளைங்கள நடக்க விட்டுக் காசு வாங்குறீங்களா? நல்லா இருக்கும்மா உங்க பள்ளிக்கூடம். சரி, அண்ணன் பேர எழுதிக்க" என்றார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டாவது, வீட்டுக்காரம்மா. மூன்றாவது?

மூன்றாவது வரியில் பேனா நின்றது. இந்த ஊருக்கு வந்து பதினோரு மாதம். மளிகைக்கடைக்காரருக்கு என் முகம் தெரியும். பி.டி. சாருக்கு என் சாப்பாட்டு டப்பாவின் நிறம் தெரியும். சுற்றுக்கு ஒரு ரூபாய் கொடுங்கள் என்று கேட்கிற அளவுக்கு யாரைத் தெரியும் எனக்கு? கல்லூரித் தோழி ஒருத்தி இருந்தாள். எங்களுக்குள் கடைசியாகச் செய்தி போய்வந்து ஏழு மாதம் ஆகிறது. பதில் போட வேண்டியது நான்தானா, அவளா? எடுத்துப் பார்த்தேன். நான்தான்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் பொய்யாக எழுதினேன். சித்தி, நர்ஸ், சுற்றுக்கு ஐந்து. பெரியப்பா, வங்கி மேலாளர், சுற்றுக்கு ஒன்று. மனிதர் கருமி. மாமா, லாரி வைத்திருக்கிறார், சுற்றுக்குப் பத்து, கை தாராளம். அத்தை, தையற்கடை. பக்கத்து வீட்டு அக்கா, பல் டாக்டர். இப்படியே பத்துப் பேர். பத்துவிதமாகக் கையெழுத்துப் போட்டேன். மாமாவுக்குச் சாய்வாக, பெரியப்பாவுக்கு அடியில் இரண்டு புள்ளி. ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதி வைக்கிறேன்: இந்த ஊருக்கு வந்தபின் நன்றாகக் கழிந்த ஞாயிறு இதுதான்.

செப்டம்பர் 8, திங்கள்

படிவத்தை வகுப்புப் பலகையில் குத்தினேன். "எப்படி நிரப்பணும்னு போர்டுல இருக்கு. பார்த்து எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க." இவ்வளவுதான் சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். எல்லோரும் 'புதுசு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஜனவரியில் வந்து சேர்ந்தவள், இன்னும் புதுசுதான். அம்மா தையல் கம்பெனியில் பொத்தான் வைக்கிறார். அப்பா இல்லை. இது நான்காவது பள்ளி. கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் மாட்டாள். மதியம் சாப்பிட்டு முடித்ததும் பையைத் திறந்து எதையோ தேடுவதுபோலவே மணி அடிக்கும்வரை இருப்பாள். எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை.

அந்த வித்தை எனக்கும் தெரியும். ஆசிரியர் அறையில் நான் விடைத்தாள் திருத்துகிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

முப்பத்து நான்கு படிவங்கள் வந்தன. நான்கு பேருடையது பாதிகூட நிரம்பவில்லை. மற்றவற்றை எண்ணினேன், படிக்கவில்லை, கட்டி குமாஸ்தாவிடம் கொடுத்தேன். புதுசுவின் தாளில் பத்து வரியும் நிறைந்திருந்தது கண்ணில் பட்டது. பரவாயில்லை, எப்படியோ பிடித்துவிட்டாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

செப்டம்பர் 13, சனி

வாக்கத்தான். வெயில்.

மருந்துக் கம்பெனி முதலாளியின் மகன் ஆறு சுற்று நடந்தான், கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தான். அவன் அப்பா மட்டும் சுற்றுக்கு இருநூறு எழுதியிருக்கிறார். ஆறாவது சுற்றிலேயே அவன்தான் முதலிடம். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கைதட்டச் சொன்னார்கள். இவன் உட்கார்ந்துகொண்டே ஜெயித்ததற்கு, நடந்துகொண்டிருந்த பிள்ளைகள் நடந்தபடியே கைதட்டின. இதற்கு நடை எதற்கு? அப்பாக்களை வரிசையில் நிறுத்திச் சட்டைப்பையை எடை போட்டிருக்கலாம். நேரமாவது மிச்சம்.

பன்னிரண்டு, பதினைந்து சுற்றில் எல்லோரும் நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்கள். புதுசு மட்டும் நிற்கவில்லை. "மிஸ், அந்தப் பொண்ணு சொன்னாக் கேக்க மாட்டேங்குது. மயங்கி விழுந்தா நாளைக்கு என் தலைதான் உருளும்" என்று பி.டி. சார் ஓடிவந்தார்.

தண்ணீர்ப் பாட்டிலோடு அவள் பக்கத்தில் நடந்தேன். முகம் சிவந்து, உதடு காய்ந்து கிடந்தது.

"போதும்மா. இலக்கு எப்பவோ வந்திருக்கும்."

"இல்ல மிஸ். எனக்குப் பத்துப் பேர் இருக்காங்கல்ல" என்றாள். ஒரு சுற்று முடியும்போதெல்லாம் விரல் மடக்கி ஏதோ சொல்லிக்கொண்டாள். இந்தப் பெண் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாற்பத்தோரு சுற்று.

செப்டம்பர் 17, புதன்

குமாஸ்தா கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என் மாதிரிப் படிவம். இன்னொன்று புதுசுவுடையது.

"படிங்க மிஸ்."

சித்தி, நர்ஸ், ஐந்து. பெரியப்பா, வங்கி மேலாளர், ஒன்று. மாமா, லாரி, பத்து. ஒரு வரிகூட மாறவில்லை. சாய்ந்த கையெழுத்து சாய்வாகவே. பெரியப்பாவின் இரண்டு புள்ளிகளும் இருந்தன.

"வசூலுக்கு ஆள் எங்கம்மான்னு கேட்டா, நீங்கதான கூட்டிட்டு வரணும்னு என்னையே கேக்குது" என்றார் குமாஸ்தா. அவருக்குச் சிரிப்பு. 

அவளை வராந்தாவில் பிடித்தேன். "ஏம்மா அப்படியே எழுதின?"

"போர்டுல இருக்கறத எழுதலன்னா திட்டுவீங்கல்ல மிஸ்."

உண்மை. எட்டு வருடமாக அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான். பலகையில் இருப்பதைப் பிழையில்லாமல் எழுது, கேள்வி கேட்காதே. கோட்டைத் தாண்டினால் முட்டி போடு. இப்போது பிழையில்லாமல் எழுதிவிட்டாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஆள் இல்லாதவங்களுக்கு ஸ்கூலே ஆள் குடுக்குதுன்னு நெனச்சேன் மிஸ்."

 மணி அடித்தது. நல்லவேளை.

செப்டம்பர் 18, வியாழன்

தலைமையாசிரியை அறையில் புதுசு, அவள் அம்மா, நான். அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். சேலையில் நூல் துணுக்குகள்.

"பத்துக் கையெழுத்தும் பொய். இந்த வயசுலயே இப்படின்னா நாளைக்கு என்ன ஆகும்? பட்டியல்லேருந்து எடுத்தாச்சு. நாளைக்குப் பிரேயர்ல மன்னிப்புக் கேக்கணும்" என்றார் தலைமையாசிரியை.

அந்த அம்மா மகளைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார். "நாங்க வந்து எட்டு மாசம் ஆச்சுங்க. காலைல போனா இருட்டித்தான் வர்றேன். சூப்பர்வைசரத் தவிர எனக்கே இங்க ஒருத்தரயும் தெரியாது. பத்துப் பேருக்கு எங்க போறது? எங்கிட்ட அவ கேக்கவே இல்லிங்க. கேட்டா நான் சங்கடப்படுவேன்னு இருந்துட்டா போல."

நான் சொன்னேன்: "மேடம், பத்துக் கையெழுத்தையும் முதல்ல பொய்யாப் போட்டது நான்தான். அவ என்னைப் பார்த்து எழுதினா. மன்னிப்புக் கேக்கணும்னா நான் கேக்கறேன்."

"மாதிரிக்கு ஒரு வரி போட்டாப் போதாதா? எதுக்கு மிஸ் பத்து?"

 ஒரு வரி போதும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

கோபம் வேறு வழியில் வந்தது. பாடத்துக்கான சுற்றுலாவுக்குப் பிள்ளைகள் ஏன் ஊரில் கையேந்த வேண்டும், உறவுக்காரர்கள் இருப்பதுதான் தகுதியா, அப்படியானால் சேர்க்கைப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள் என்று என்னென்னவோ கத்தினேன். நான் முடிக்கும்வரை தலைமையாசிரியை கேட்டார். பிறகு, "நான் மட்டும் என்ன ஆசைப்பட்டா பண்றேன்? மூணு தடவ மேல எழுதிக் கேட்டேன். பஸ்ஸுக்கு நிதி இல்லன்னு ஒரே வரியில பதில். நீங்க கத்துறதுக்கு நான் இருக்கேன். நான் எங்க போய்க் கத்துறது?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவரை வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு வசதி.

செப்டம்பர் 19, வெள்ளி

பிரேயரில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வகுப்பில் நான் கேட்டேன்.

"போர்டுல இருந்த பத்துப் பேரும் பொய். நான் கற்பனையா எழுதினது. அது மாதிரிதான்னு விளக்கிச் சொல்லாதது என் தப்பு. யாரும் யாரையும் கேலி பண்ணக் கூடாது."

 முதல் வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்ப உங்களுக்குச் சித்தி இல்லயா மிஸ்?" என்றாள்.

"இல்ல."

"மாமா?"

"இல்ல."

"லாரி?"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். திரும்பிக் கரும்பலகையை அழித்தேன், ஏற்கெனவே சுத்தமாக இருந்த பலகையை.

செப்டம்பர் 22, திங்கள்

கூட வரும் ஆசிரியர்கள் மூன்று பேருக்குப் பேருந்தில் இடம் உண்டு. அதில் ஒன்று என்னுடையது. அதைப் புதுசுவுக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார். "நீங்களும் கோளரங்கம் பார்த்ததில்லன்னு சொன்னீங்களே மிஸ்" என்றார். சொல்லியிருக்கிறேன் போல. கையெழுத்துப் போட்டார்.

இது தியாகம் இல்லை, நான் வைத்த கண்ணிக்கு நான் கட்டும் அபராதம். ஆனால் அந்தப் பேருந்தில் போக வேண்டும் என்று இருந்தது. மூன்று மணி நேரம், ஜன்னலோரம், சுற்றிலும் முப்பது பேர் சத்தம். வானத்தைவிட அதுதான் வேண்டியிருந்தது.

படிவம் நிரம்பாத மற்ற நான்கு பேருக்கு என்னிடம் இடம் இல்லை. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆறு மணிக்கே பேருந்து போய்விட்டது. எட்டாம் வகுப்பில் நான்கு பேர், முப்பது காலி பெஞ்சு இடங்கள், நான்.

விதிப்படி பாடம் நடத்த வேண்டுமாம். பின்னங்கள் நடத்தினேன். பாதியில் ஒருவன், "மிஸ், இன்னிக்கு நடத்துறது அவங்களுக்கு மறுபடி நடத்துவீங்கல்ல?" என்றான்.

"ஆமா."

"அப்ப எங்களுக்கு எதுக்கு ரெண்டு தடவ?"

புத்தகத்தை மூடினேன். அவன் சொன்னதில் தப்பில்லை. மதியம் நால்வரும் என் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்தி பெஞ்சிலேயே தூங்கிப்போனாள். எழுப்பவில்லை. ஒரு பிள்ளையும் கோளரங்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த ஏற்பாட்டையே திட்டித் தீர்க்கலாம் என்று ஒரு நீளமான பேச்சு தயாராக வைத்திருந்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

இடைவேளையில் குழாயடியில் புதுசுவைப் பார்த்தேன். கூட இரண்டு பெண்கள். ஒருத்தி இவளுடைய பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்க, இவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் குடைபோல விரித்து, "லைட்ட அணைச்சதும் நீ என் கையக் கிள்ளின பாரு, எருமை, இன்னும் வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. மூவரும் சிரித்ததில் பாட்டில் நிரம்பி வழிந்தது.

கோளரங்கம் எப்படி இருந்தது என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் நடந்துபோனேன்.

என்னைப் பார்த்தாள். எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்வதுபோல "வணக்கம் மிஸ்" என்றாள். திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"வணக்கம்" என்றேன். குழாயைச் சரியாக மூடிவிட்டுப் போகச் சொன்னேன்.