நானே கொட்டிக்கிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம். அப்பாவின் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. அறையில் வெந்நீர்கூட வருகிறது.

போன வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. தீக்காயம் ஆறும்போது தோல் இறுகாமல் இருக்க ஒரு களிம்பை எங்கள் ஆராய்ச்சிக் குழு சோதித்து வருகிறது. காயம் எப்படி ஏற்பட்டது என்று நோயாளிகளிடம் கேட்டு எழுதுவது என் வேலை. ஒரு கையில் தோள்வரை கட்டுப் போட்டிருந்த ஓர் அம்மாள், "கொதிக்கிற எண்ணெய நானே கொட்டிக்கிட்டேன் தம்பி" என்றார்.

பக்கத்தில் நின்ற அவருடைய மகள் வெடித்து அழுதாள். "இல்ல சார், நான்தான் ஓடிவந்து இடிச்சேன்!"

அவர் மறு கையால் அவள் வாயைப் பொத்தினார். "சின்னப் புள்ள, என்னமோ உளறுது. நீங்க எழுதிக்கோங்க."

கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி வெளியே போய்விட்டேன்.

அம்மா, உன் கையில் எண்ணெய் கொட்டிய அன்று பந்தைத் துரத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவந்து உன்னை இடித்தவன் நான். நீயும் அப்பாவிடம் இதே பொய்யைத்தான் சொன்னாய். "கண்ண எங்கடி வச்சிருந்த?" என்று அவர் உன்னைத் திட்டியபோது, நான் கதவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இருபது வருடமாகியும் நான் வாய் திறக்கவில்லை.

உன் முழங்கை இப்போது எவ்வளவு நீட்ட வருகிறது? படம் எடுத்து அனுப்பு. முகமும் தெரியட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. கடிதத்தை அப்பாவுக்கு நீதான் படித்துக் காட்டுவாய் என்று தெரியும். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு வரியைக்கூட விட்டுவிடாதே.

உன் மகன்