கீகர்ஸுக்கு நாம் எழுதிய இரண்டு மனுக்கள்

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அந்துருண்டை வாசனை படிக்கட்டு வரைக்கும் போயிற்று. டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் நவம்பர் பிறந்தால் எல்லா மொட்டைமாடியிலும் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய்கள் காயும். நம் தமிழர் வீடுகளில் மட்டும் கூடவே குரங்குக் குல்லாய்களும் காயும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிகளுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. சிரிக்கட்டும். அவர்களுக்குத் தலையில் ரத்தம் ஓடுகிறது, நமக்கு ரசம்தானே ஓடுகிறது.

பெட்டியில் உன் பையும் இருந்தது. பங்குனியில் நீ கண்ணை மூடினாய். மே மாதம் உன் மனைவி, எனக்கு மதினி, வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கிளம்பும்போது அந்தப் பையை என்னிடம் நீட்டினார். "அங்க கெடக்கிற வெயிலுக்கு இந்தக் கம்பளிய வச்சு நான் என்ன செய்ய, அண்ணாச்சி? நீங்களே வச்சிக்கிடுங்க." பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அப்படியே பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருந்தேன்.

இன்று பிரித்தேன். உன் காப்பிப்பொடி நிறக் குல்லாய். காது மூடும் இடத்தில் இரண்டு பஞ்சுருண்டைகள், தேங்காயெண்ணெய் ஊறி, தட்டையாகி, குல்லாயோடு குல்லாயாக ஒட்டிக் கிடந்தன. என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொருத்தர் காதுப் பஞ்சையெல்லாம் வீட்டுல வச்சுக்குவாங்களா? தூக்கிப் போடுங்க முதல்ல." நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரஜாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் அவள் பக்கம் திரும்பாமல் இருந்தேன்.

பையின் அடியில் ஓர் உறையும் இருந்தது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கோப்பு வரிசைப்படிதான் நகர வேண்டும்; இருபது வருஷத்துச் சர்க்கார் ஆபீஸ் பழக்கம்.

கீகர்ஸ் நம் வாழ்க்கைக்குள் ஒரு புகாராகத்தான் நுழைந்தார்கள். கரோல் பாக்கில் நாம் இருவரும் ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருந்த காலம். கல்யாணம் ஆகவில்லை, அலுவலகப் பரீட்சை பாஸாகவில்லை, வேறு எதுவுமே ஆகவில்லை. அடுத்த மாடியில் நாலு பேர் கிடாரும் டிரம்முமாக வந்து இறங்கினார்கள். டெல்லி ரிட்ஜ் காட்டில் வளரும் கீகர் முள்மரத்தின் பெயரை வைத்துக்கொண்ட ராக் கோஷ்டி. பெயருக்கு ஏற்றபடி காதில் குத்தினார்கள். நான் வெகுண்டு எழுந்து ஒரு மனு எழுதினேன். 'தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவரப்படுவது யாதெனில்' என்று அர்த்தம் வரும்படி ஆங்கிலத்தில் தொடங்கி, சத்தத்தை நிறுத்துமாறு நாலு பாராவில் வேண்டி, கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம். நீ அதை இரண்டு நகலோடு டைப் அடித்தாய். அடுத்த மாடிக்குப் போக மூன்றடிச் சுவரைத் தாண்டினால் போதும். அதற்கு எதற்கு இரண்டு நகல் என்று நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பாடகன் பப்பி, குளியலறைச் சாமான் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, அதை மற்ற மூவருக்கும் உரக்கப் படித்துக் காட்டினான். விழுந்து விழுந்து சிரித்தார்கள். இஞ்சி தட்டிப் போட்ட சாயா வந்தது. நமக்காகச் சத்தத்தைக் குறைத்து ஒரு பாட்டு வாசித்தார்கள். பிடித்துப்போனது பாட்டா, சாயாவா, நம் எழுத்தை ஒருவன் கடைசி வரிவரை படித்தானே என்ற பெருமையா, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நிறுத்தச் சொல்லப் போனவர்கள் ரசிகர்களாகத் திரும்பினோம். மனுவை அங்கேயே விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு நாம் அடித்த கூத்தை இன்று சொன்னால் என் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். சொல்லியும் இருக்கிறேன், நம்பவில்லை. கீகர்ஸ் ஊர் ஊராக ரயிலேறினார்கள்; விடுப்பு கிடைத்தபோதெல்லாம் நாமும் ஏறினோம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சொந்த ஊர் போய்வர சர்க்கார் தரும் சலுகையைக்கூட அவர்களுடைய மதராஸ் கச்சேரித் தேதிக்கு ஒத்துப்போகும்படி வாங்கினோம். கும்பகோணத்துக்கு மொட்டை போடக் கூட்டிப்போவதாகச் சொல்லி, புது மனைவியை ஒரு கல்லூரிப் புல்வெளியில் உட்காரவைத்தவன் நான். கச்சேரி முடிந்ததும் அவள் கேட்டாள்: "மொட்டை போடணும்னு வேண்டிக்கிட்டது யாருக்கு? அந்தப் பாட்டுக்காரனுக்கா? தோள் வரைக்கும் வளர்த்து வச்சிருக்கானே."

உனக்கும் எனக்கும் வேறு என்ன பொருத்தம், சொல். நீ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவாய். நான் ஒரு மூச்சில் நூறு பேசுவேன், அதில் தொண்ணூறு அடுத்தவர் வீட்டு விஷயம். நீ விடியுமுன் குளித்துவிடுவாய். ஜனவரியில் நான் குளிப்பது பண்டிகைக்குப் பண்டிகை. செக்ஷனில் எல்லோரும் கேட்பார்கள், இந்த இரண்டு பேரும் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று. கீகர்ஸ் என்பதுதான் பதில். ஞாயிற்றுக்கிழமையானால் கச்சேரி, இல்லாவிட்டால் கச்சேரியைப் பற்றிய பேச்சு. அந்த நூல் அறுந்தால் நீ பாட்டுக்கு உன் வழியில் போய்விடுவாய் என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்தது. ஊர் வம்பெல்லாம் பேசுகிறவன் இதை மட்டும் யாரிடமும் பேசியதில்லை.

அதனால்தான் காது வலிக்கத் தொடங்கியபோதும் வாயைத் திறக்கவில்லை. முப்பதைத் தாண்டியதும் எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. கச்சேரி முடிந்து இரண்டு நாள் வரை தலைக்குள் டைப்ரைட்டர் ஓடும். பஞ்சை எண்ணெயில் நனைத்துக் காதில் அடைத்துக்கொண்டேன். பஞ்சு வெளியே தெரியாமல் இருக்கக் குரங்குக் குல்லாய் போட்டேன். பிப்ரவரி மத்தியான வெயிலில் கம்பளிக் குல்லாய் எதற்கு என்று நீ கேட்டால் சொல்ல 'சைனஸ்' என்று ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். நீ கேட்கவே இல்லை. அடுத்த கச்சேரிக்கு நீயும் ஒரு குல்லாயோடு வந்து நின்றாய். "பனி ஒத்துக்கிட மாட்டேங்கு" என்றாய். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நண்பனுக்குத் துணையாகக் குல்லாய் போடுகிறானே என்று நான் உருகினேன். என் அறிவு அவ்வளவுதான்.

ஐந்தாறு வருஷம் இப்படி ஓடிற்று. ஊரில் மேம்பாலங்கள் முளைத்தன, கலர் டிவி வந்தது, நமக்குத் தொப்பை வந்தது. கீகர்ஸுக்கும் வந்தது. ஒரு நாள் நீ என் மேஜைக்கு வந்து, சுவரிலிருந்து கிழித்த ஒரு போஸ்டரை விரித்தாய். கடைசிச் சுற்று, கடைசிக் கச்சேரி டெல்லியில், அதற்குமேல் ஊர் ஊராகப் போவதில்லை. உன் முகம் தொங்கிப்போயிருந்தது. நான் என் முகத்தை அதைவிட ஒரு விரல்கடை நீளமாகத் தொங்கவிட்டேன். உள்ளுக்குள் என் இரண்டு காதும் எழுந்து நின்று கைதட்டின.

கேன்டீனில் சாயாவை ஆற்றிக்கொண்டே இருந்தாய். பிறகு கேட்டாய்.

"இனிமே ஞாயித்துக்கெழம என்னல செய்ய?"

நான் பயந்திருந்த கேள்வியே அதுதான். இவன் மனசு உடைந்துவிட்டது, ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதைப்பில், எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். கச்சேரிகளைத் தொடருமாறு கீகர்ஸுக்கு ஒரு மனு. ஆனால், மன்னித்துக்கொள், அது நடக்காமல் போகும்படியும் எழுதினேன். ஒரு கோப்பை எப்படிக் கொல்வது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? 'உரிய காலத்தில், சாத்தியமானால், பரிசீலிக்கலாம்' என்று மூன்று இடங்களில் செருகினேன். நம் ஆபீஸ் பெரியவர் ஒரு கோப்பில் முடிவெடுக்கப் பயந்தால் ஓரத்தில் 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதிக் கீழே அனுப்புவாரே, வந்து பேசு என்று. போய்ப் பேச யாருக்கும் நேரம் கிடைக்காமல் அவர் ரிட்டையராகும்வரை அது தூங்குமே, அந்த மாதிரித் தூங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு உன்னிடம் கொடுத்தேன். நீ டைப் அடித்து, உறையில் போட்டு, தபாலில் சேர்ப்பதாக எடுத்துப் போனாய்.

பதில் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் நீ உதட்டைப் பிதுக்கிக் காட்டுவாய். ஒவ்வொரு வாரமும் நான் சோகமாக நிம்மதியடைவேன்.

கடைசிக் கச்சேரி ஒரு மார்ச் மத்தியானம், யூனிவர்சிட்டி பக்கத்துக் கல்லூரிப் புல்வெளியில். முன் வரிசையில் இரண்டு குல்லாய்கள். பின்னால் இருந்த பிள்ளைகள் 'பாபுஜி' என்று கூவிச் சிரித்தார்கள். வியர்வை கழுத்தில் ஓடியது. பப்பி பழையபடி குதிக்கப் பார்த்து, பாதியில் மனசை மாற்றிக்கொண்டு, மைக்கைப் பிடித்தபடி சமாளித்தான். கடைசிப் பாட்டில் நீ கண்ணைத் துடைத்தாய். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. குல்லாய் வியர்வைதான் கண்ணில் இறங்கியது என்று பிறகுதான் சொன்னாய்.

எல்லாம் முடிந்ததும் பப்பி நம்மை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டான். ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உட்கார்ந்து பேண்ட்டைச் சுருட்டியிருந்தான். இரண்டு முட்டியிலும் பேண்டேஜ். என்னவோ சொன்னான். நாம் இருவரும் ஒரே சமயத்தில் "ஆங்?" என்றோம். இன்னொரு தரம் சொன்னான். இன்னொரு தரம் "ஆங்?" என்றோம். அவன் எழுந்து வந்து, நம் குல்லாய்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் உருவினான்.

நாலு காது. நாலு பஞ்சு.

உன்னை நான் பார்த்தேன், என்னை நீ பார்த்தாய். அந்த மாதிரி ஒரு பார்வையைப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"காது ரெண்டும் அஞ்சு வருசமா வலிக்குதுல" என்றாய் நீ. "நீ சங்கடப்படுவியேன்னு பொறுத்துக்கிட்டுக் கெடந்தேன்."

"அப்ப அந்த மனு?"

"தபால்ல போடவே இல்லல. டிராயர்ல கெடக்கு. ஏத்துக்கிட்டான்னா என்ன செய்ய?"

பப்பிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தான். முட்டி போய் நாலு வருஷமாயிற்றாம். அப்போதே கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆசையாம். ஒவ்வொரு கச்சேரியிலும் வெயிலென்றும் பாராமல் முன் வரிசைக்கு வரும் இந்தக் குல்லாய்க்காரர்கள் இரண்டு பேரும் தாங்கள் நிறுத்திவிட்டால் என்ன ஆவார்கள் என்று மற்ற மூவரும் அவனும் பேசிப் பேசித் தள்ளிப்போட்டார்களாம். பிறகு சிரித்துக்கொண்டே ஹிந்தியில் சொன்னான்:

"பாயி சாப், உங்களிடமிருந்து எனக்கு ஒரே ஒரு மனுதான் வந்தது. சத்தத்தை நிறுத்தச் சொல்லி, கரோல் பாக் மாடியில். இன்றைக்கு ஏற்றுக்கொண்டு மஞ்ஜூர் செய்தாயிற்று."

நம் அலுவலகத்தில் அதைவிட வேகமாக ஒரு கோப்பு முடிந்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது ரிங் ரோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாய்: "அப்பாடா." குல்லாய் மடியில் இருந்தது. காற்று காதுக்குள் நேராகப் போயிற்று. எனக்கும் அப்பாடாதான். ஆனால் ஐ.என்.ஏ. மார்க்கெட் நிறுத்தத்தில் நீ இறங்கிப் போனபோது பழைய பயம் திரும்பிவிட்டது. நூல் அறுந்தாயிற்று. இனி இவன் எதற்கு வருவான்?

அடுத்த ஞாயிறு நான் ஷேவ் செய்துகொள்ளவில்லை. யாருக்காக? பதினோரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வழக்கமான நேரம், வழக்கமான செருப்பு. நீ வந்து மாடி வெயிலில் மூங்கில் மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். என் மனைவி ஒரு முறத்தில் பச்சைப் பட்டாணியைக் கொட்டி நம் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். உரித்தோம். நான் அண்டர் செக்ரட்டரி வீட்டுக் கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொன்னேன். நீ உரித்ததில் பாதியை வாயில் போட்டுக்கொண்டாய். அரை மணியில் தலை சாய்ந்து தூங்கிப்போனாய். அடுத்த வாரமும் வந்தாய். அதற்கடுத்த வாரமும்.

மூன்று வருஷம். பேச ஒன்றுமில்லாமல், காதில் பஞ்சில்லாமல். நம் நட்பில் எனக்கு மிகவும் பிடித்த காலம் அதுதான். ராக் ரசிகன் இப்படிச் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

சரி, உறை.

மேலே கீகர்ஸ் விலாசம் டைப் அடித்திருந்தது; ஒட்டிய தபால்தலை பழுப்பேறியிருந்தது. அலுவலகத்தில் உன் டிராயரைக் காலி செய்து கொடுத்ததை மதினி அப்படியே பைக்குள் வைத்திருக்க வேண்டும். கிழித்தேன். என் 'உரிய காலத்தில்' மூன்றும் பத்திரமாக இருந்தன. மூன்றின் கீழும் பென்சில் கோடு. நீ அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டிருக்கிறாய். பக்கத்து ஓரத்தில், பெரியவர் எழுதும் அதே சாய்வில், உன் சின்னக் கையெழுத்தில் இரண்டு வார்த்தை.

ப்ளீஸ் ஸ்பீக்.

எழுதிவிட்டு நீ அதை என்னிடம் திருப்பி அனுப்பவில்லை. நானும் வந்து பேசவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை பட்டாணி உரித்தோம், எனக்கு இருந்த பயத்தை நான் சொல்லவில்லை. உனக்கும் அதேதான் இருந்ததா என்று கேட்கவுமில்லை. இருந்திருக்கும். இல்லாவிட்டால் ஐந்து வருஷம் காதில் பஞ்சோடு வந்து நின்றிருப்பாயா?

ஆகவே, கோப்பு என்னிடம் வந்து சேர்ந்த அன்றைக்கே, தாமதமின்றி, பேசிவிட்டேன்.

இன்று ஞாயிறு. மணி பதினொன்று. ஷேவ் செய்துகொண்டுவிட்டேன். உன் குல்லாய் கொடியில் காய்கிறது. பஞ்சை எடுக்கவில்லை. என் மனைவி கீழேயிருந்து பட்டாணி முறத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வழக்கம்போல இரண்டு பேருக்கு ஆகிற அளவு.