கம்பெனி கொடுத்த பென் டிரைவ்

ஐப்பசி 14, வியாழன்.

துறைமுகக் கம்பெனி நடத்தும் கூட்டத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் குப்பத்துக் கட்டுப்பாடு. போன வாரமும் யாரும் குடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒன்றாக நீட்டிய பென் டிரைவை என்னைத் தவிர எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். கம்ப்யூட்டரே இல்லாத வீடுகளுக்கு அது எதற்கு? பாதி இப்போது கரைக் குப்பையில் கிடக்கிறது.

மீனவர் சங்கச் செயலாளர் தனசேகர் தன்னுடையதைச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டான். வைரஸ் ஏறி, ஏரியில் நாங்கள் முறைவைத்து வலை போடும் இடங்களைப் படம்பிடித்த வீடியோ எல்லாம் அழிந்துவிட்டது. அந்த இடங்களை விழுங்கப்போகும் துறைமுக விரிவாக்கத்துக்கு நாளை அரசு அதிகாரிகள் நடத்தும் கருத்துக்கேட்பு. காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை.

"இன்னாத்துக்குடா செருகின?" என்றேன்.

"அது இன்னா சோறா, தண்ணியா மாமா? சும்மா குடுத்ததுதானே."

பொன்னேரியிலிருந்து கம்ப்யூட்டரைப் பார்க்க வந்த மெக்கானிக், "அவுங்களுக்கே தெரிஞ்சிருக்காது பெரியவரே. மலிவா மொத்தமா வாங்குனா இப்படித்தான்" என்கிறார். வேண்டுமென்றே செய்திருந்தால் நாளை முகத்துக்கு நேராகக் கேட்கலாம். நாமே செருகிக்கொண்டதை யாரிடம் கேட்பது?

போகத்தான் போகிறேன். ஒவ்வொரு இடமாக வாயால் சொல்வேன். அதிகாரிகள் எழுதிக்கொள்ளும்வரை உட்காரமாட்டேன். கால் எவ்வளவு நேரம் தாங்குமோ.