குறைந்த எண்ணிக்கையும் பத்துப் புது சைக்கிளும்

3 செப்டம்பர் 1978
இன்று கடையில் மூன்று பஞ்சர், ஒரு செயின். காலையில் டீக்கடை ரேடியோவில் செய்தி: மாவட்டத்தில் வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்போர் எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிட்டதாம். துணிக்கடை ஜெகநாதன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். "வேலை கெடச்சவன் லுங்கியிலயா ஆபீஸ் போவான்? பேண்ட் துணி எறக்கணும்டா!"

சரிதானே? சைக்கிளும் வாங்குவானே!

5 செப்டம்பர்
கடைத்தெரு முழுக்கக் குஷி. ஓட்டல்காரர் புது பெஞ்ச் அடிக்கிறார். நான் மட்டும் வாடகை சைக்கிளுக்குக் காற்றடித்தே காலம் தள்ளுவதா? பெண்டாட்டி இந்திராணியிடம் கழுத்துச் சங்கிலியைக் கேட்டேன், அடகு வைக்க. கழற்றிக் கொடுத்தாள். "ஐப்பசில தங்கச்சி கல்யாணம் கீது. வெறுங்கழுத்தோட போய் நிக்க மாட்டேன், சொல்ட்டேன்."

9 செப்டம்பர்
பத்துப் புது சைக்கிள் வந்து இறங்கின. என்ன பளபளப்பு! வருகிறவர்கள் எல்லாம் மணியடித்துப் பார்க்கிறார்கள்.

17 செப்டம்பர்
மணி மட்டும்தான் அடிக்கிறார்கள்.

22 செப்டம்பர்
வேலை கிடைத்தவனெல்லாம் எங்கே? ஊரில் ஒருத்தனைக் காட்டட்டுமே! சாப்பிடும்போது புலம்பினேன். குழம்பு ஊற்றிக்கொண்டே இந்திராணி சொன்னாள்: "எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் அட்டையப் புதுப்பிக்காதவங்க பேரையும் அடிச்சிடுவாங்கோ. தங்கச்சி கல்யாண அமளில நானுந்தான் புதுப்பிக்காம வுட்டேன். எனக்கு இன்னா, வேலை கெடச்சிட்ச்சா?"

அடேய் தணிகைவேலு! பேரை அடித்ததை வேலை கிடைத்தது என்று நம்பி, பெண்டாட்டி கழுத்தை மொட்டையாக்கிட்டியேடா! எனக்கு அழுகை வருது, அவ சிரிக்கிறா. பத்தாவது பாஸானவ — மொதல்லயே இவகிட்ட கேட்டா என்ன?

25 செப்டம்பர்
கூலி வேலைக்குப் போகும் சாமுவேல், எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர், ஓடி வந்தார். விட்டுப்போன அட்டைகளை இந்த வாரம் காஞ்சிபுரத்துக்கு நேரில் போனால் பழைய சீனியாரிட்டியோடு புதுப்பித்துத் தருகிறார்களாம். பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. "அண்ணே, புது வண்டியெல்லாம் வாடகைக்கு வுடுவியா?"

விடுவேனா? ஒன்றை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டு மீதியெல்லாம் விட்டேன்!

30 செப்டம்பர்
வாரம் முழுக்க வண்டிகள் காஞ்சிபுரம் போய் வந்தன. ஒன்றில் நான் மிதிக்க, கேரியரில் இந்திராணி. அவள் பேரும் ஏறிவிட்டது. டயர் ஒன்றும் பஞ்சராகவில்லை, நான்தான் பஞ்சர். இத்தனை ஓடியும் ஆட்டம் காணாத வண்டியா என்று திருப்புலிவனம் பால்காரர்கள் ஐந்து வாங்கிப் போனார்கள்.

14 அக்டோபர்
ரேடியோவில்: காத்திருப்போர் எண்ணிக்கை திடீரென்று கூடிவிட்டதாம். கடைத்தெரு இழவு வீடு மாதிரி இருக்கிறது. ஜெகநாதன் பேண்ட் துணியைப் பாதி விலைக்குத் தள்ளுகிறான். "எல்லாருக்கும் வேலை பூட்ச்சிடா!" நான் சொன்னேன், யாருக்கும் எதுவும் போகவில்லை, அட்டைதான் புதுப்பித்தார்கள், போனது என் சைக்கிளில் என்று. ரேடியோவை விட நீ பெரிய ஆளா என்கிறான். சரி என்று கல்யாணத்துக்கு இரண்டு பேண்டுக்குத் துணி எடுத்தேன்.

வீட்டில் சொன்னேன். மீட்டு வந்த சங்கிலியைக் கழுத்தில் நேராக்கிக்கொண்டு இந்திராணி கேட்டாள்: "அப்போ ரேடியோல என்னயும் சேத்துத்தான் சொன்னாங்களா?"