காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் நடுவே

மதினி,

இன்று காலை ரயிலடிச் சரக்குக் கிட்டங்கிக் கதவைத் திறந்ததும் கருப்பட்டி வாசனை முகத்தில் அடித்தது. திசையன்விளையிலிருந்து வந்த சிப்பங்கள். ராத்திரி மழையில் கூரை ஒழுகி, மூலையில் அடுக்கியிருந்த நாலைந்து சிப்பம் இளகிக் கோணியோடு ஊறிப்போயிருந்தது. சுமை தூக்குகிறவர்கள் அதைத் தொடாமல் எட்டி நின்றார்கள். சேதாரத்தை யார் கூலியில் பிடிப்பார்களோ என்று அவர்களுக்குப் பயம். எனக்கு உன் நினைவு வந்துவிட்டது. கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இளகின கருப்பட்டியை விரலால் வழித்து, மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து என் வாயில் வைத்துவிடுவாயே, அந்த நினைவு.

நீ போய்ச் சேர்ந்த செய்தி எனக்குப் போன வாரம்தான் கிடைத்தது. அதற்குள் ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். உயிரோடு இருந்தபோதே உனக்கு வாசிக்கத் தெரியாது. இருந்தும் எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்த்து நான் சொல்லத் துணியாத ஒன்று பாக்கி இருக்கிறது.

கிட்டங்கிக்கு நான் வேலைக்கு வந்த முதல் நாள் உனக்கு ஞாபகம் இருந்திருக்குமோ என்னவோ. கொழும்புக்குப் போன என் வீட்டுக்காரரிடமிருந்து இரண்டு கடிதம் வந்து, அப்புறம் வருவது நின்று போயிருந்த சமயம். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள் கோணி தைக்க வந்திருக்கிறாளே என்று மற்றப் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். நீதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"ஏளா, ஒனக்கு எழுத்து தெரியுமாமே. இந்தச் சிப்பம் எந்த ஊருக்குப் போவுதுன்னு வாசிச்சுச் சொல்லு."

சீட்டைப் பார்த்து "மதராஸ்" என்றேன். நீ அந்தச் சிப்பத்தை ஒரு தட்டுத் தட்டினாய். "நான் தச்ச மூட்ட மதராஸப் பாக்கப் போவுது. நான் இன்னும் பாளையங்கோட்டையத் தாண்டல." அப்படிச் சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நீ தைத்து முடிக்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் ஊர்ப் பெயரை நான் வாசித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய்.

கிட்டங்கி இன்றும் ரயிலடியை ஒட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது. ரயிலில் வருகிற சாமான்களை இறக்கி, எடை போட்டு, கிழிந்ததைத் தைத்து, மாட்டு வண்டிகளிலும், வண்டிகளில் வருவதை ரயிலிலும் ஏற்றி அனுப்புகிற வேலையை டவுன் முதலாளி ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் முகத்தை நாம் பார்த்ததில்லை. நமக்கு எல்லாம் மேஸ்திரிதான். விடிந்ததும் வாசலில் நின்று அவர் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டால் வேலை. கூப்பிடாதவர்கள் திரும்பிப் போக வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது.

காலை ரயில் வண்டிக்கு முக்காலணா, மாலை வண்டிக்கு முக்காலணா. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு மணி நேரம் இடுப்பு ஒடிய வேலை இருக்கும். நடுவே கிடக்கிற நேரத்துக்குக் கூலி கிடையாது. அதற்காக வீட்டுக்கும் போய்விட முடியாது. மாலை வண்டி என்று பெயர்தான், அந்தச் சரக்கு வண்டி உச்சிப்பொழுதிலிருந்து எந்த நேரத்திலும் வரும். அது வரும்போது வாசலில் இல்லாதவர்களுக்குக் காலையில் செய்த வேலையின் கூலியும் போய்விடும். திருட்டுப் பயம் என்று சொல்லி அந்த நேரத்தில் கிட்டங்கியைப் பூட்டிவிடுவார்கள். வெளியே இருந்தது ஒரே ஒரு வாகை மரம். சித்திரை வெயிலில் பதினைந்து இருபது பேராக அதன் நிழல் நகர நகர நாமும் நகர்ந்து உட்காருவோம்.

வண்டிக்காரர்கள் பாடும் அப்படித்தான். உன் வீட்டுக்காரர், மாடசாமி அண்ணாச்சி, கோழி கூப்பிடுகிற நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்துவார். பேட்டைக்கோ பாளையங்கோட்டைக்கோ ஒரு நடை கிடைத்தால் அதற்குக் கூலி. கிடைக்காத நாள் மனுஷனுக்கும் கஞ்சியில்லை, மாட்டுக்கும் வைக்கோல் இல்லை. அச்சு முறிந்தாலும், வழியில் சாமான் உடைந்தாலும் செலவு அவருடையது. "இந்த மாடு ரெண்டும் நின்ன நேரத்துக்கு நடந்திருந்தா இந்நேரம் காசிக்குப் போயிட்டுத் திரும்பியிருக்கும்வே" என்று பக்கத்து வண்டிக்காரரிடம் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நீ மட்டும் சிரிக்கமாட்டாய்.

ஒரு நாள் நீ மேஸ்திரியிடம் நேராகவே கேட்டாய்.

"காலைல செஞ்ச வேலைக்குக் கூலி தாரிய. சாயங்காலம் செஞ்சதுக்கும் தாரிய. நடுவுல கெடக்குத பொழுது எங்களுக்குள்ளதுன்னா வீட்டுக்குப் போவ விடணும். ஒங்களுக்குள்ளதுன்னா கூலி தரணும். அது யாருக்குள்ள பொழுது, சொல்லுங்க."

மேஸ்திரி பொல்லாதவர் இல்லை. "நானும் இங்கனதான நிக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உன் மூன்றாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழித்து நீ திரும்பி வந்தாய். வீடு ஆற்றுக்கு அக்கரையில், கொக்கிரகுளத்தில். மூத்தவளுக்கு ஆறு வயசு. அவள்தான் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். உச்சிப்பொழுது ஆனதும் உன் ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போவாய். பாலைப் பீச்சி மண்ணில் விட்டுவிட்டு வந்து உட்காருவாய். ஒரு நாள்தான் என்னிடம் சொன்னாய்: "எறும்பு குடிக்குதுளா. எம்பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணி."

மாலை வண்டி வந்து உள்ளே போனோம். உனக்கு முதல் மூட்டையின் ஊர்ப் பெயரை வாசித்தேன்.

அப்புறம் அந்த நாள். பிள்ளைக்குக் காய்ச்சல், கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறது என்று பாலத்தைக் கடந்து வந்த தயிர்க்காரி ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். நீ எழுந்தாய். "ஒரே ஓட்டமா ஓடிப் பாலக் குடுத்துட்டு வந்துருதேன். வண்டி வந்தா எப்பிடியாவது சமாளி, ஞானம்." நீ பாலத்தில் ஏறியிருக்கமாட்டாய், சரக்கு வண்டியின் ஊதல் கேட்டது. ஆற்றுப் பக்கம் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்று நான் சொன்னதை மேஸ்திரி முதலில் நம்பினார். கடைசி மூட்டை இறங்கின பிறகு நீ மூச்சிரைக்க வந்து நின்றாய். உன் கூலி போயிற்று. அதோடு எட்டு நாள் உன் பெயரைக் கூப்பிடவில்லை.

எட்டு நாளும் விடியலில் வந்து நின்றாய். எட்டு நாளும் திரும்பிப் போனாய். ஐந்தாம் நாள் உன் காதைப் பார்த்தேன். பாம்படம் இல்லை. நீண்ட காது வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் மருந்துக்கு அடகு வைத்திருந்தாய். பிள்ளை பிழைத்தது.

ஒன்பதாம் நாள் உன்னைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு மத்தியானமே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"ஏளா, ஒரு மனு எழுதணும். மொதலாளிக்கு. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்குமா."

எனக்குப் பயம். ஆனாலும் உன்னிடம் முடியாது என்று சொல்ல வரவில்லை. வண்டிக்காரர்கள் தாளும் மையும் கொண்டுவந்தார்கள். மூன்று மத்தியானம் வாகை மரத்தடியில், சுற்றிலும் பெண்கள் மறைத்து உட்கார, எழுதினேன். பள்ளிக்கூடத் தமிழில் ஆரம்பித்து, ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று நீட்டிக்கொண்டே போனேன். "அந்தக் கும்புடெல்லாம் வேணும்னா போட்டுக்கோ. ஆனா நான் சொல்லுதத மாத்திராத" என்றாய். நடுப்பொழுதுக்கு அரைக்கூலியாவது வேண்டும். நிற்க நிழல் வேண்டும். காத்துக் கிடக்கிற வண்டிக்கு ஏதாவது தர வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருந்தோம்.

முடித்ததும் எல்லோரும் பெருவிரல் ரேகை வைத்தார்கள். என் முறை வந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்த நானும் விரலை மையில் தோய்த்து ரேகையே வைத்தேன். நீ பார்த்தாய். தாளை அடுத்தவளிடம் நகர்த்தினாய்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் மேஸ்திரி பெயர் கூப்பிடவில்லை. மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். முகம் வெளிறியிருந்தது. முதலாளி அவரை நன்றாகத் திட்டி அனுப்பியிருக்க வேண்டும்.

"யாரு எழுதுனது இது? எழுதுனவங்க பேரச் சொல்லிட்டா மத்தவங்க வேல பாக்கலாம். இல்லன்னா இன்னைக்கு ஒருத்தருக்கும் வேல கெடையாது."

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அவர் என்னைப் பார்த்தார். சீட்டு வாசிக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதானே.

"நீதான ஞானம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாய்.

"அவளுக்கு ஊர்ப்பேரு வாசிக்கத்தான் தெரியும். இம்புட்டு எழுதுததுக்கு அவ என்ன வக்கீலா? நான்தான் கலெக்டர் கச்சேரி வாசல்ல மனு எழுதுதவருக்குக் காசு குடுத்து எழுதுனேன்."

"ஒனக்கு ஏது காசு?"

நீ தலையைச் சாய்த்து உன் காதைக் காட்டினாய். "காதுல கெடந்தத வச்சேன்."

மேஸ்திரி அந்தக் காதைப் பார்த்தார். நம்பினாரோ, நம்புவதுதான் தனக்கும் நல்லது என்று விட்டாரோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றோடு உன் பெயரை அடித்துவிட்டார்கள். அண்ணாச்சியின் வண்டியையும் வரிசையில் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற எல்லோரும் உள்ளே போனோம். நானும் போனேன்.

மேற்கே, மலையடிவாரத்து மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நீங்கள் கிளம்பின அன்றைக்குப் பாலம் வரைக்கும் வந்தேன். வண்டியில் ஒரு பானை, இரண்டு பாய், மூன்று பிள்ளைகள். "நாளைக்கு நானே போய்ச் சொல்லிருதேன் மதினி" என்றேன். நீ கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாய்.

"கூறு கெட்டவளே. சொன்னா ரெண்டு பேரும் பட்டினி. எனக்காச்சும் வண்டியும் மாடும் இருக்கு, கூட ஒரு ஆளு இருக்கு. ஒனக்குக் கொழும்புலேருந்து என்ன வருது? பேசாமப் போ."

இரண்டு மாதம் கழித்து வாகை மரத்தை ஒட்டி ஓலைப்பந்தல் போட்டார்கள். மாடுகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது. காலைக்கும் மாலைக்கும் காலணா கூட்டினார்கள். நடுப்பொழுதுக்கு அன்றைக்கும் ஒன்றும் இல்லை, இன்றைக்கும் இல்லை. முதலாளிக்கு இரக்க மனசு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பந்தல் நிழலில் உட்கார்ந்து உன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தால் மேஸ்திரி காதில் விழுமோ என்று பயம்.

எனக்கு இன்னொன்றும் கிடைத்தது. கணக்கப்பிள்ளைக்குக் கண் மங்கிப்போகவே, சீட்டு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். மாதச் சம்பளம். உள்ளே, கூரைக்குக் கீழே, உட்கார்ந்து செய்கிற வேலை. நான் எழுதின முதல் சீட்டை அவர் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எழுத்தை அவர் முன்னமே பார்த்திருந்தார். ஒன்றும் கேட்காமல் மூட்டையில் ஒட்டச் சொன்னார்.

போன வாரம் அண்ணாச்சி வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மூத்தவளைக் கட்டிக் கொடுத்தாயிற்றாம். கடைக்குட்டி உன்னைப் போலவே வாய் பேசுவாளாம். அப்புறம்தான் உன்னைப் பற்றிச் சொன்னார். மில்லில் பஞ்சுத் தூசியில் பத்து வருஷம், இருமல், கடைசியில் ஊரெல்லாம் பரவின காய்ச்சல். மூன்றே நாளாம். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன், தங்கச்சி. தாளு வாங்கிக் குடுத்தோம். பொறவு நாங்க நடையில போயிருவோம். நீதான் எழுதுதன்னு நெனச்சிருந்தோம். இவ கடைசி வரைக்கும், 'அவ எழுதல, கச்சேரியிலதான் எழுதுனேன்'னே சொன்னா. என்கிட்ட எதுக்கு மறைக்கணும்?"

உன் புருஷனிடம்கூட என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருந்திருக்கிறாய், மதினி. பத்து வருஷம். ஒரே பாயில் படுத்துக்கொண்டு.

"நான்தான் அண்ணாச்சி எழுதுனேன்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"தெரியும்மா. ஒன் வாயால கேக்கணும்னு இருந்துச்சு. நீ அன்னைக்குப் பாலத்துல நின்னு அழுத அழுகைய அவ அடிக்கடி சொல்லுவா. பாவம் அந்தப் பிள்ள, எனக்காக அப்பிடி அழுதாளேன்னு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அழுதது நிஜம்தான். ஆனால் நீ நினைத்தது போல அல்ல, மதினி. உங்கள் வண்டி பாலத்தின் அந்த முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் எனக்குக் கண்ணீரே வரவில்லை. நீ மனசு மாறி, வண்டியை நிறுத்தச் சொல்லி, "வா, சேர்ந்து போய்ச் சொல்லுவோம்" என்று கூப்பிட்டுவிடுவாயோ என்று பயந்துகொண்டு நின்றேன். நீ வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தபோதெல்லாம் பாலத்துச் சுவரோடு ஒதுங்கினேன். நீ கூப்பிடவில்லை. வண்டி மறைந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. அப்பாடா என்று இருந்ததே, அதை நினைத்து அழுதேன். அந்த அழுகைச் சத்தம்தான் காற்றில் உன் காதுக்கு வந்திருக்கிறது. அதை நீ உனக்காக என்று எடுத்துக்கொண்டு போய், பத்து வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய்.

அண்ணாச்சியிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன். சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

ஞானம்