திங்களுக்குப் பதில் வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. அம்மா நலம். நானும் நலம் என்று எழுதினால் அது பொய், ஏனென்றால் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே உனக்கு எங்கிருந்தோ ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்தை நீ பாதியில் வெட்ட முடியாது. இதை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். ஆபீசுக்கு வர வேண்டியது தனியாக வரும்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் வலது கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. தெளிந்ததில் எனக்குத்தான் திண்டாட்டம். 'நீ பெருக்கினா வீடே பளிச்சுன்னு இருக்கு' என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது ஃபிரிஜ்ஜுக்கு அடியில் இருக்கும் தூசியைக் காட்டி என்னைத் திட்டுகிறாள். நிலைக்கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுருக்கம் விழுந்ததை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அண்ணி அனுப்பிய போர்வை பச்சை என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். நீலம் என்று இப்போதுதான் தெரிந்ததாம். அண்ணியிடம் சொல், சிரிப்பாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நம் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து நீ எழுதும்போது அந்த லீவு விதி எப்படித் தெரிந்ததோ, இங்கே சலவைக்கூடத்தின் ஆவியில் நின்று பார்க்கும்போது வேறு மாதிரி தெரிகிறது.

ஓட்டல்களின் வார இறுதித் துணி முழுக்கத் திங்கட்கிழமைதான் இங்கே வந்து இறங்கும். அதனால்தான் என்னைப் போன்ற பாதிநேரக்காரர்கள் பலரையும் திங்கள், செவ்வாய் என்று போட்டிருக்கிறார்கள். பொது விடுமுறையும் இந்த வருஷம் பெரும்பாலும் திங்களில்தான் வந்து விழுகிறது. அன்றைக்குக் கூடத்துக்குப் பூட்டு. முழுநேரக்காரர்களுக்குச் சம்பளத்தோடு லீவு. நாங்கள் மட்டும் திங்களுக்குப் பதில் அந்த வாரமே வியாழக்கிழமை வந்து நிற்க வேண்டும், அன்றைக்குத்தான் மெஷின்கள் காலியாக இருக்குமாம். அப்படியென்றால் எங்களுக்குக் கிடைத்தது லீவு இல்லை, தள்ளிப்போட்ட வேலை. புதன், வெள்ளியில் வரும் பெண்கள் பாடு இன்னும் மோசம். 'லீவு உங்க கிழமையில விழல, நாங்க என்ன பண்ண முடியும்' என்று அவர்களை அனுப்பிவிடுகிறார்கள். விழுந்தாலும் கிடையாது, விழாவிட்டாலும் கிடையாது. இப்படி ஒரு விதியை எழுத உன்னால் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தச் சுற்றறிக்கையைக் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். தண்ணீர் தெறித்துத் தெறித்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. கீழே உன் கையெழுத்து மட்டும் அழியவில்லை. கடைசி எழுத்தை நீளமாக இழுத்துச் சுழித்திருக்கிறாயே, அதை நீ பழகியது என் பள்ளி நோட்டின் பின்பக்கங்களில். என் அண்ணன் பெரிய ஆபீசராக வரப்போகிறான் என்று அன்றைக்குத் தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன். வந்துவிட்டாய், சந்தோஷம்.

நான் உன் தங்கை என்று அங்கே யாருக்கும் தெரியக் கூடாது என்றாய். சிபாரிசில் வந்தவள் என்று பேசுவார்கள், உன் பெயர் கெட்டுவிடும் என்றாய். நானாக வரிசையில் நின்று வாங்கிய வேலை அது. சிபாரிசே செய்யாதவனுக்கு எதற்கு அந்தப் பயம் என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, உனக்காக வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவின் முதல் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தது நீ. அதை நான் மறுக்கவில்லை. அந்த டாக்டர் வியாழக்கிழமைதான் ஆபரேஷன் செய்வார். 'அந்த வாரம் திங்கட்கிழமை லீவு வேற. உனக்கென்ன, பாதி நேரம் சும்மாதானே இருக்க, நீ கூட்டிட்டுப் போயிடு' என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னாய்! அம்மாவைக் குளிக்க வைப்பது, மாடிப்படியில் இறக்கி ஏற்றுவது, மருந்துக்கடை வரிசையில் நிற்பது எல்லாம் உன் அகராதியில் சும்மா இருப்பது. போகட்டும். திங்கள் லீவு என்றால் வியாழன் எனக்கு வேலை என்பது உனக்கு ஞாபகமே வரவில்லை பார், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டவனே அதை மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறான். நாங்கள் ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் அதைப் பார்க்கிறோம்.

சூப்பர்வைசரிடம் போய் அந்த வியாழனுக்கு லீவு கேட்டேன். 'பதில் நாளுக்கு லீவு கிடையாதும்மா, லீவுக்குப் பதிலாத்தானே அந்த நாளே வருது. மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்ணட்டும்' என்று கையை விரித்தார். மேலிடம் நீதானே என்று உனக்கு போன் செய்தேன். என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? 'ஒருத்தருக்காக விதியை வளைச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. ஒரு நாள்தானே, பக்கத்துல யாரையாவது அனுப்பி வை' என்றாய். எல்லாரும் கேட்பார்களே என்று பயந்தாயே தவிர, எல்லாரும் ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? வேலை போய்விடுமே என்று நானும் பயந்தேன். பயந்துகொண்டு அந்த வியாழக்கிழமை வேலைக்குப் போனேன்.

கீழ் வீட்டுத் தையல்காரம்மாவோடு அம்மாவை அனுப்பி வைத்தேன். அன்றைக்குப் பார்த்து என் மேஜைக்கு வந்து குவிந்ததெல்லாம் அதே ஆஸ்பத்திரியின் பச்சை விரிப்புகள். அம்மாவை இதில் எதன் ஜோடியில் படுக்க வைத்திருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டே மடித்தேன். வேலையில் தப்பு வரவில்லை. கை அதுபாட்டுக்கு ஓடியது.

தையல்காரம்மாவை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் விடும் நேரம், பிள்ளைகளை அழைத்து வர ஓட வேண்டியிருந்தது. சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள், அம்மாவின் காதில் விழவில்லை. வேலை முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணில் எவ்வளவு தெரியும் என்பது உனக்கே தெரியும். பக்கத்தில் இருந்த காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா உட்கார்ந்திருப்பதாக நினைப்பு. பேச்சு உன்னைப் பற்றித்தான். 'என் பையன் பெரிய கம்பெனியில பெரிய வேலையில இருக்கான், பாவம், அவனுக்கு லீவே கிடைக்காது' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணா, உன்னை ஒரு நாள் நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்தச் சிரிப்பை மறக்க மாட்டேன்.

என்னோடு விரிப்பு மடிக்கும் அக்காவைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி நிற்க வேண்டும். அக்காவுக்கு வாய் நீளம், மனசு தங்கம். உனக்கு 'வியாழக்கிழமை துரை' என்று பெயர் வைத்தது அவள்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால்கூட, துரை மூடிவிட்டுப் போயிருப்பார் என்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். உன் தங்கையாக இருந்தும் எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது.

போன வாரம், வரப்போகும் லீவுக்கும் பதில் வியாழன் உண்டு என்று அறிவித்தார்கள். அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. 'இவனையும் ஒருத்தி பெத்து வளர்த்து ஊர்மேல விட்டிருக்கா பாரு, அவளுக்கு ஒரு கஷ்டம் வந்தாத்தான் இவனுக்குத் தெரியும்' என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் சொன்னதை நான் எழுதப் போவதில்லை. உன்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருந்தவள்தான் நான். அம்மாவை இழுத்ததும் பொறுக்கவில்லை. கையில் இருந்த முனையை அப்படியே விட்டுவிட்டேன். அவனைப் பெத்தவதான் என்னையும் பெத்தா, அவளுக்குக் கஷ்டம் வந்தாச்சு, நான்தான் கூடப் போகல என்று கத்தினேன். மெஷின் இரைச்சலையும் மீறி அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கிறது. உனக்குக் கொடுத்த வாக்கு அத்தோடு போயிற்று.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அக்கா குனிந்து விரிப்பை எடுத்தாள், உதறினாள். என் முனையை என் கையில் கொடுத்துவிட்டு, 'அப்ப நீ எந்தப் பக்கம்டி' என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் சும்மா கேட்டாள். இந்தப் பக்கம்தான் என்றேன்.

ஆகவே கேட்டுக்கொள். அந்தப் பதில் வியாழக்கிழமை நாங்கள் எல்லோரும் கம்பெனி வாசல் வரை வருவோம், உள்ளே வர மாட்டோம். முழுநேரக்காரர்களுக்குக் கொடுக்கும் லீவில் எங்கள் வேலைக்குத் தக்க பங்கு எங்களுக்கும் வேண்டும், எந்தக் கிழமையில் வேலை செய்தாலும் வேண்டும். பாதி வேலைக்குப் பாதி லீவு என்றால் வாங்கிக்கொள்கிறோம். ஒன்றுமே கிடையாது என்றால் எங்களையும் ஆளாக மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? இதையெல்லாம் எழுதி உன் ஆபீசுக்கு அனுப்புகிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. கோணலாகத்தான் இருக்கும், நான் உன்னைப் போலப் பழகவில்லை.

இப்போது என் தலைவலியைக் கேள். அம்மாவின் இடது கண்ணுக்கும் அதே வியாழக்கிழமைதான் குறித்திருக்கிறார்கள். அதை விட்டால் டாக்டர் வெளிநாடு போய்விடுவாராம், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். வாசலுக்குப் போகாவிட்டால், துரையின் தங்கை நழுவிவிட்டாள் என்பார்கள். அப்படிச் சொன்னால் அதில் தப்பும் இல்லை. போனால் அம்மா மறுபடியும் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

கடைசியில் அம்மாவிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அது நீ எழுதிய விதி என்பது உட்பட. அப்போதுதான் குளித்து முடித்திருந்தாள். 'அவனா எழுதியிருப்பான்? அவனுக்கு மேல இருக்கிறவங்க எழுதச் சொல்லியிருப்பாங்க' என்றாள். உன்னை விட்டுக்கொடுப்பாளா? இருக்கலாம்மா என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே அப்புறம் சொன்னாள், 'நீ போய் உங்க ஆளுங்களோட நில்லு. அவனை வரச் சொல்லு. பெரிய வேலைன்னா லீவும் பெரிசாத்தானே இருக்கும்' என்று.

வா அண்ணா. உன் விதிப்படியே உனக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு, எடுக்காமல் சேர்ந்து கிடக்கும். அதில் ஒரு நாளை எடு. கூட ஒரு நர்ஸை ஏற்பாடு செய்கிறேன், டாக்சி அனுப்புகிறேன் என்றெல்லாம் ஆரம்பிக்காதே. விண்ணப்பத்தில் காரணம் கேட்டால் அம்மா என்று எழுது. நாங்கள் எழுதினால் ஒத்துக்கொள்ளாத காரணம் அது, நீ எழுதினால் ஒத்துக்கொள்வார்கள்.

முந்தின நாளே வந்துவிடு. உன் கட்டிலுக்கு உறை மாற்றி வைக்கிறேன். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், சாப்பாடு போடுவேன். படி இறங்கும்போது நீ அம்மாவுக்கு முன்னால் இறங்கு. கண்ணில் கட்டுப் போட்டதும் அவளுக்குப் பயம் வரும். பயத்தை மறைக்க ஓயாமல் பேசுவாள், நீ உம் கொட்டிக்கொண்டே இரு. சொட்டு மருந்து விடும்போது நெற்றியை லேசாகப் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் தலையை ஆட்டிவிடுவாள். போனை அணைத்து வை. இந்தக் கோபம் ஆறிய பிறகு பக்குவமாக எழுதலாம் என்றுதான் பார்த்தேன். அது ஆறுவதற்குள் ஆபரேஷனே முடிந்துவிடும் போலிருந்தது, அதனால் இப்படியே எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை நம் கம்பெனி வாசலைத் தாண்டித்தான் போகிறது. காலையில் நீங்கள் இரண்டு பேரும் கடக்கும்போது நாங்கள் அங்கே நின்றுகொண்டிருப்போம். எங்களில் சிலர் வியாழக்கிழமை துரை என்று கத்தினாலும் கத்துவார்கள், நான் தடுக்கப் போவதில்லை. வண்டியை நிறுத்த வேண்டாம், நீ என்னைப் பார்க்கவும் வேண்டாம். அம்மா பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கிவிடு. கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று அவளே கண்டுபிடித்துக்கொள்வாள்.

உன் வரவை எதிர்பார்த்தும், இன்னும் கோபம் தீராமலும்,
உன் தங்கை