மதிலுக்கு அந்தப்பக்கத்து உறுமல்

அன்புள்ள அம்மாவுக்கு,

சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டும் உன் மகனின் வணக்கம். இங்கே நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன வாரம் சனிக்கிழமை பேசும்போது பெரிய உறுமல் கேட்டு, "அய்யோ, அங்க சண்டையாடா?" என்று போனையே கீழே போட்டுவிட்டாயே! நேற்றும் சனிக்கிழமை, மறுபடி உறுமியது. துணிந்து போய்ப் பார்த்துவிட்டேன். என் அறைக்குப் பின்மதிலைத் தாண்டினால் விமான அருங்காட்சியகம். பழைய போர் விமானங்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஒன்றுதான் உறுமுகிறது.

"இது பறந்து நாப்பது வருசமாச்சுப்பா. சும்மா விட்டா மக்கர் பண்ணும்னு சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு இன்ஜினை மட்டும் ஓட்டுறோம்" என்று அங்கே வேலை பார்க்கும் நம்மூர் மெக்கானிக் சிரித்தார். பக்கத்து விமானத்தில், குண்டு வைக்கிற இடத்தில் குருவி கூடு கட்டியிருக்கிறது.

சிரிக்காதே. இந்த அறைக்கு வந்த மூன்று வாரமாக நானும் சண்டையென்று பயந்து, ஓடத் தயாராய்ப் பாஸ்போர்ட்டோடு பெட்டி கட்டிக் கதவோரம் வைத்திருந்தேன். நேற்றுதான் பிரித்தேன். ஊரார் துணியெல்லாம் தேய்க்கிறவனின் சட்டை அத்தனையும் கசங்கல்!

யாராவது இந்தப்பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. வேலைக்கு நேரமாகிறது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கே கூப்பிடு. உறுமினால் பயந்து வைத்துவிடாதே அம்மா. பத்து நிமிடம்தான். அது அடங்கும்வரை, பேசாவிட்டாலும் பரவாயில்லை, லைனிலேயே இரு.

உன் மகன்